அலுவலகத்துக்குள் சொந்த டிஎன்எஸ் சர்வர்: எங்கே கோட்டை விடுகிறோம்?

பத்துப் பதினைந்து கணினிகள், ஒரு பிரிண்டர், ஒரு ஃபைல் சர்வர் மட்டுமே உள்ள அலுவலகத்திலும் சொந்த டிஎன்எஸ் சர்வர் (கணினியின் பெயரைக் கொடுத்தால் அதன் நெட்வொர்க் முகவரியான ஐபி எண்ணைச் சொல்லும் சர்வர்) வைத்துக்கொள்வது நல்ல முடிவுதான். யாரும் ஐபி எண்களை நினைவில் வைத்திருக்க வேண்டாம். சர்வரை மாற்றினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். நிறுவுவதும் பெரிய வேலை இல்லை. நிறுவிய பிறகு வருகிற புகார்தான் படுத்தும்: "காலையில் வந்தது, இப்போது வரவில்லை." இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். கணினிக்குப் பதில் சொல்ல ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்கள் இருக்கின்றன, அவை ஒரே பதிலைச் சொல்வதில்லை.

கணினிகளுக்கு முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி அமைப்பில் முதல் டிஎன்எஸ்ஸாக நம் சர்வரையும், இரண்டாவதாக கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8-ஐயும் போட்டுவிடுவது மிகப் பரவலான தவறு. நம் சர்வர் படுத்துவிட்டால் இணையமாவது ஓடட்டும் என்ற நல்லெண்ணம். ஆனால் அந்த இரண்டாவது முகவரி ஸ்டெப்னி மாதிரி டிக்கியில் காத்திருப்பதில்லை. முதல் சர்வர் ஒரு கணம் தாமதித்தாலே கணினி அடுத்ததிடம் போகும். போனால் கொஞ்ச நேரம் அங்கேயே தங்கியும் விடலாம். அலுவலக ஃபைல் சர்வரின் பெயரை வெளி சர்வரிடம் கேட்டால் "அப்படியொரு பெயரே இல்லை" என்று சொல்லும். கணினிக்கு அது முழுமையான பதில். அதனால் நம் சர்வரிடம் திரும்ப வந்து கேட்காது. இரண்டாவது சர்வர் வேண்டுமென்றால், அதே பதிவுகளைக் கொண்ட இன்னொரு சொந்த சர்வரை வையுங்கள். சும்மா கிடக்கும் பழைய கணினி போதும். இல்லையென்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, டிஎச்சிபியைத் திருத்தியாயிற்று, பிரச்சினை மட்டும் தீரவில்லை என்றால் ஐபி முகவரிகளின் புதிய பதிப்பான ஐபிவி6 பக்கம் பாருங்கள். நாம் ஐபிவி4-ஐ மட்டும் கவனித்துக்கொண்டிருக்க, ரூட்டர் தன் பாட்டுக்கு ஐபிவி6 வழியே வேறொரு டிஎன்எஸ் முகவரியை எல்லாக் கணினிகளுக்கும் அறிவித்துக்கொண்டிருக்கும். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் /ஆல் கட்டளை கொடுத்தால் எல்லா முகவரிகளும் வரிசையாகத் தெரியும்.

அடுத்து பிரவுசர். சில பிரவுசர்கள் ஹெச்டிடிபிஎஸ் வழியே நேரடியாக வெளி டிஎன்எஸ்ஸைக் கேட்கும். ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒரு வழி உண்டு: 'யூஸ்-அப்ளிகேஷன்-டிஎன்எஸ்.நெட்' என்ற பெயரைக் கேட்டால் "இல்லை" என்று பதில் வரும்படி நம் சர்வரில் அமைத்துவிட்டால், அது இயல்பாகச் செய்யும் வெளித்தேடலை நிறுத்திக்கொள்ளும். பயனரே கைப்பட இயக்கியிருந்தால் மட்டும் இது பலிக்காது.

பெயர் வைப்பதிலும் நிதானம் தேவை. '.லோக்கல்' என்று முடியும் பெயர் வேண்டவே வேண்டாம். அது மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கென (சர்வர் இல்லாமல் சாதனங்கள் ஒன்றையொன்று பெயரால் தேடும் முறை) 2013-லேயே ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆப்பிள் சாதனங்கள் அந்தப் பெயர்களை நம் சர்வரிடம் கேட்காமல் நெட்வொர்க் முழுவதும் கூவித் தேடும். '.டெவ்' உள்ளுக்குள் மட்டும் தானே என்று வைத்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். அது கூகுள் வசமுள்ள உண்மையான டொமைன். 2017-ல் குரோம் அந்தப் பெயர்களுக்கெல்லாம் ஹெச்டிடிபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கியது. தனிப்பட்ட நெட்வொர்க்குகளுக்கென்றே, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2024-ல் ஒதுக்கிய '.இன்டர்னல்' இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் டொமைனுக்குக் கீழ் ஒரு துணை டொமைன் வைத்தாலும் சரி. அந்த டொமைனையே அப்படியே உள்ளே வைத்தால் வெளியே உள்ள ஒவ்வொரு பதிவையும் உள்ளேயும் எழுத வேண்டும். ஒன்று விடுபட்டாலும், உலகமே பார்க்கும் நம் இணையதளம் நம் அலுவலகத்தில் மட்டும் திறக்காது.

பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு புள்ளி. பெயர்ப் பதிவுகள் இருக்கும் ஜோன் கோப்பில் முழுப்பெயர் எழுதினால் கடைசியில் புள்ளி வைத்தே ஆக வேண்டும். 'ஃபைல்ஸ்.ஆபீஸ்.இன்டர்னல்' என்று புள்ளியில்லாமல் விட்டால் பைண்ட் ஜோன் பெயரையும் சேர்த்து 'ஃபைல்ஸ்.ஆபீஸ்.இன்டர்னல்.ஆபீஸ்.இன்டர்னல்' என்று எடுத்துக்கொள்ளும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. அப்புறம், கோப்பைத் திருத்தும்போதெல்லாம் அதன் பதிப்பைக் காட்டும் சீரியல் எண்ணைக் கூட்டுங்கள். கூட்டாவிட்டால் இரண்டாவது சர்வர் பழைய பதிவையே வைத்திருக்கும். மறுபடி இரு சர்வர், இரு பதில்.

டிஎன்எஸ் சர்வரின் ஐபி மாறாததாக இருக்கட்டும். டிஎன்எஸ் கேள்விகள் வரும் 53-ஆம் போர்ட்டை யுடிபி, டிசிபி என்ற இரண்டு அனுப்பும் முறைகளுக்கும் திறந்துவிடுங்கள், பெரிய பதில்கள் டிசிபியில்தான் வரும். இரண்டையும் அலுவலகத்துக்குள் மட்டும் திறங்கள். இணையத்தை நோக்கித் திறந்து வைத்தால், யாரோ ஒருவரைத் தாக்க உங்கள் சர்வரை இன்னொருவர் பயன்படுத்துவார்.

சிறிய போர்டு கணினிகளில் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பை (பதில் உண்மையானதா என்று டிஜிட்டல் கையொப்பத்தால் பார்ப்பது) இயக்குவோர் கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். நேரத்தைக் காக்கும் பேட்டரி இல்லாத போர்டு, மின்சாரம் போய் வந்தால் பழைய தேதியில் எழும். தேதி தவறென்றால் கையொப்பங்கள் செல்லாது, எந்தப் பெயருக்கும் பதில் வராது. நேரத்தைத் திருத்தலாம் என்றால், நேர சர்வரின் பெயருக்கும் பதில் வராது. பேட்டரியுடன் கூடிய கடிகார மாட்யூல் ஒன்றைப் பொருத்துங்கள், அல்லது நேர சர்வரைப் பெயரால் குறிக்காமல் ஐபி முகவரியால் குறியுங்கள்.