நியமனக் கடிதத்தில் தொடங்குங்கள்: இளம்பெண்களுக்கு ஏஐயில் முதல் பாடம்

முதல் வேலைக்குப் போகும் பெண்களிடம் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டால், "அது கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு" என்பார்கள். அந்த எண்ணம் மாற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். முதலில் எல்லாம் கற்றுக்கொண்டு பிறகு தொடுவோம் என்று காத்திருக்கவே வேண்டாம். கையில் இருக்கும் ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு அதோடு தொடங்குங்கள். பழக்கம் தானாக வரும். நான் எடுத்துக்கொண்டிருப்பது நியமனக் கடிதம். ஆங்கிலத்தில் நாலைந்து பக்கம் இருக்கும். பெரும்பாலானோர் சம்பளத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

படி 1: செயலியை நிறுவுங்கள்

கேட்டால் பதில் சொல்லும் ஏஐ செயலிகளான சாட்ஜிபிடி, ஜெமினி இரண்டில் ஒன்று போதும். இலவச வசதியே இந்த வேலைக்கு நிறைவாகப் பயன்படும். பிளே ஸ்டோரில் இதே போன்ற பெயரும் படமும் கொண்ட செயலிகள் நிறைய உண்டு. வெளியிட்ட நிறுவனம் ஓப்பன்ஏஐ அல்லது கூகுள் என்று இருக்கிறதா எனப் பார்த்த பிறகே நிறுவுங்கள். வீட்டில் எல்லோரும் எடுக்கும் போன் என்றால், உங்கள் உரையாடல்கள் பக்கப் பட்டியலில் அப்படியே நிற்கும். முடித்ததும் அந்த உரையாடலை அழித்துவிட்டுக் கணக்கிலிருந்து வெளியேறுங்கள்.

படி 2: தமிழிலேயே பேசுங்கள்

ஆங்கிலம் சரளமாக வராது என்ற தயக்கம் இங்கே தேவையில்லை. இந்தியாவில் 2024 ஜூனில் ஜெமினி செயலி வந்தபோதே தமிழும் சேர்ந்து வந்தது. தட்டச்சு கடினமாக இருந்தால் மைக் படத்தைத் தொட்டு, வீட்டில் பேசுவதைப் போலவே பேசுங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும், வாக்கியம் பாதியில் நின்றாலும் பெரும்பாலும் புரிந்துகொள்ளும். ஒரே சந்தேகத்தைப் பத்து முறை கேட்டாலும் சலித்துக்கொள்ளாது. "இதுகூடத் தெரியாதா?" என்ற சொல்லுக்குப் பயந்தே கேள்விகளை விழுங்கிப் பழகிய பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவர்களுக்கே தெரியும்.

படி 3: கடிதத்தைக் காட்டுங்கள், அடையாளத்தை மறையுங்கள்

கடிதத்தைப் படம் எடுப்பதற்கு முன் உங்கள் பெயர், முகவரி, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றின் மேல் சிறு காகிதத் துண்டுகளை வைத்து மறைத்துவிடுங்கள். கடிதத்தின் பொருளைச் சொல்ல அவை எதுவும் தேவைப்படாது. செயலியின் அமைப்புகளில், உங்கள் உரையாடல்களை ஏஐயின் பயிற்சிக்குப் பயன்படுத்தும் அனுமதியை நிறுத்தும் வசதி இருக்கிறது. அதையும் இப்போதே அணைத்துவிடுங்கள். ஓடிபி, கடவுச்சொல் ஆகியவற்றை எந்தக் காரணத்துக்காகவும் அதில் எழுதக் கூடாது.

படத்தை ஏற்றியதும், "இதை விளக்கு" என்று மட்டும் சொன்னால் பொதுவான சுருக்கம்தான் கிடைக்கும். உங்கள் நிலைமையைச் சொல்லிக் கேளுங்கள். இப்படி:

"எனக்கு 22 வயது. பி.காம். முடித்துவிட்டு முதல்முறையாக வேலைக்குப் போகிறேன். இந்த நியமனக் கடிதத்தை ஒவ்வொரு பிரிவாக எளிய தமிழில் விளக்குங்கள். நான் பணம் கட்ட வேண்டிய இடம், வேலையை விடத் தடையாக இருக்கும் இடம், அசல் சான்றிதழ் கேட்கும் இடம் இருந்தால் தனியாகக் காட்டுங்கள். கடிதத்தில் இல்லாததை ஊகித்துச் சொல்ல வேண்டாம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். விவரம் இல்லாத இடத்திலும் நம்பும்படியாக எதையாவது எழுதிவிடும் குணம் இந்தக் கருவிகளுக்கு உண்டு. அப்படிச் சொன்னாலும் குணம் முழுதாகப் போய்விடாது, ஆனால் குறையும். இரண்டு ஆண்டுகளுக்குள் வேலையை விட்டால் ஒரு தொகை கட்ட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் கடிதத்தின் கடைசிப் பக்கங்களில் நீண்ட ஆங்கில வாக்கியங்களுக்குள் இருக்கும். அவற்றைத் தேடி எடுத்துத் தருவதில் ஏஐ உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமாக வேலை செய்கிறது.

படி 4: கைக்கு எவ்வளவு வரும்?

பலர் ஏமாற்றமடையும் இடம் இது. ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் சி.டி.சி. என்று கடிதத்தில் இருந்தால், மாதம் 20,000 ரூபாய் கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். முதல் மாதக் கணக்கில் வரும் தொகை வேறாக இருக்கிறது. சி.டி.சி. என்பது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. நிறுவனம் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பங்கும் பெரும்பாலும் அதற்குள்தான் அடங்கும்.

அடிப்படைச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய். இதே அளவை நிறுவனமும் கட்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. அதில் நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம், உங்கள் பங்கு 0.75 சதவீதம். 20,000 ரூபாயிலிருந்து நிறுவனத்தின் இரண்டு பங்குகளையும் கழித்தால் மொத்தச் சம்பளம் ஏறத்தாழ 17,976 ரூபாய். அதிலிருந்து உங்கள் பி.எஃப். 1,440 ரூபாயும், இ.எஸ்.ஐ. 135 ரூபாயும் போகும். கைக்கு வருவது சுமார் 16,400 ரூபாய். தொழில் வரி பிடித்தால் அது தனி.

உங்கள் கடிதத்தில் உள்ள எண்களைக் கொடுத்து, "கைக்கு வரும் தொகையைப் படிப்படியாகக் கணக்கிட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். வழிமுறையைத் தெளிவாகச் சொல்லும். கூட்டல் கழித்தலில் சறுக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் ஒவ்வொரு வரியையும் போன் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். விடுதி வாடகை, பஸ் செலவு, வீட்டுக்கு அனுப்பும் பணம் எல்லாம் இந்த எண்ணை நம்பித்தானே திட்டமிடப் போகிறீர்கள்?

படி 5: சட்டம் பற்றிச் சொன்னால் உடனே நம்பாதீர்கள்

ஏஐ எந்த நாள் வரை உள்ள தகவல்களைக் கொண்டு பயிற்சி பெற்றதோ, அந்த நாள் வரையிலான உலகம்தான் அதற்கு நன்றாகத் தெரியும். தொழிலாளர் சட்டங்கள் விஷயத்தில் இது பெரிய சிக்கல். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. பணிக்கொடைக்கு (வேலையை விட்டுப் போகும்போது நிறுவனம் தரும் கிராஜுவிட்டி தொகைக்கு) ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது பழைய பொது விதி. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களுக்குப் புதிய தொகுப்பில் ஓராண்டே போதும். பழைய தகவலை வைத்திருக்கும் கருவி ஐந்து ஆண்டு என்றே தயக்கமில்லாமல் எழுதிவிடும்.

எனவே இணையத்தில் தேடிப் பதில் சொல்லச் சொல்லுங்கள். சட்டத்தின் பெயரையும் பிரிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பிறகு மத்திய அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் அந்தப் பிரிவைத் திறந்து பாருங்கள். அங்கே இல்லையென்றால் ஏஐ சொன்னதைத் தள்ளிவிடுங்கள். ஜவுளிக்கடையிலோ நகைக்கடையிலோ வேலை என்றால் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: உட்கார இருக்கை உண்டா? நாள் முழுவதும் நின்றபடியே வேலை செய்யும் கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. நம் மாநிலச் சட்டமே இப்படிச் சொல்கிறது என்பது பல பெண்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் வேதனை.

படி 6: கேட்டுப் பழகுங்கள்

கேள்விகள் தயாராகிவிட்டன, மேலாளர் முன் வாய் வர வேண்டும். "நீங்கள் எச்.ஆர். மேலாளர். நான் நோட்டீஸ் காலத்தைப் பற்றிக் கேட்கப் போகிறேன். கறாராகப் பதில் சொல்லுங்கள். முடிந்ததும் நான் எங்கே தடுமாறினேன் என்று சொல்லுங்கள்" என்று ஏஐயிடம் கேளுங்கள். எழுத்தில் வேண்டாம், குரல் வசதியில் செய்யுங்கள். "என் சான்றிதழ்களின் நகலைத் தருகிறேன், அசலைச் சரிபார்த்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்" என்ற வாக்கியத்தை வாய்விட்டு நாலு முறை சொல்லிவிட்டால், நேரில் சொல்லும்போது குரல் இடறாது.

படி 7: மனக்குறையைச் சொல்லும்போது கவனம்

இந்தக் கருவி பழகிவிட்டால் இரவில் அதனிடம் சொந்த விஷயங்களையும் பேசத் தோன்றும். தவறில்லை. ஆனால் பேசுபவரின் பக்கம் சாய்வது அதன் இயல்பு. "நான் செய்தது சரிதானே?" என்று கேட்டால், பெரும்பாலும் ஆமாம் என்றே வரும். "எதிர்த்தரப்பில் உள்ளவர் இதை எப்படிச் சொல்வார்?" என்றும் கேளுங்கள். மனம் மிகவும் சோர்ந்திருந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் மனிதர் ஒருவரிடமே பேசுங்கள், தமிழிலும் பேசலாம். வீட்டிலோ வெளியிலோ வன்முறை என்றால் மகளிர் உதவி எண் 181.

படி 8: உங்கள் படத்தை யாராவது மாற்றினால்

ஏஐ என்றதும் பெண்கள் பயப்படுவதற்குப் போலி ஆபாசப் படங்களும் ஒரு காரணம். பயம் நியாயமானது. ஆனால் கருவியிலிருந்து விலகி நிற்பது பாதுகாப்பாகிவிடாது. படத்தை எடுத்து மாற்றுகிறவனுக்கு நீங்கள் ஏஐ பயன்படுத்துகிறீர்களா என்பது ஒரு பொருட்டே இல்லை. வழி தெரிந்திருப்பதுதான் பாதுகாப்பு.

அப்படி நடந்தால் முதலில் பக்கத்தின் முகவரி, கணக்கின் பெயர், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மிரட்டுபவருக்குப் பணம் அனுப்பாதீர்கள். அந்தத் தளத்திலேயே புகார் கொடுங்கள். மார்பிங் செய்த (போலியாக மாற்றிய) படங்களையும் புகார் வந்ததும் காலக்கெடுவுக்குள் நீக்க வேண்டிய கடமையை 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் தளங்களின் மேல் சுமத்துகின்றன. அடுத்து தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துக்குச் செல்லுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்கு அங்கே தனிப் பகுதி உண்டு; பெயரைச் சொல்லாமலும் புகார் தரலாம். 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற தளம் உங்கள் போனிலேயே படத்துக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை உருவாக்கி, அதை மட்டும் சமூக ஊடக நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. படம் போனை விட்டு வெளியே போகாது. இது 18 வயது நிறைந்தவர்களுக்கானது.

புகாரை நேர வரிசைப்படி எழுத ஏஐயைப் பயன்படுத்திக்கொள்ளலாம். என்று பார்த்தீர்கள், யார் அனுப்பினார்கள், என்ன மிரட்டல் வந்தது என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்; ஒரு பக்கத்தில் தெளிவான தமிழில் எழுதித் தரும். பெயர்களையும் எண்களையும் பிறகு உங்கள் கையால் நிரப்பிக்கொள்ளுங்கள். அந்தப் படத்தை மட்டும் ஏஐயில் ஏற்றாதீர்கள்.