நடையோடு வலுப்பயிற்சியையும் சேர்த்துக்கொள்வது எப்படி

வேலூர்க் கோட்டையைச் சுற்றி விடிகாலையில் நடப்பவர்களில் நாற்பதைக் கடந்தவர்கள் ஏராளம். அவர்களில் வலுப்பயிற்சியும் செய்பவர்களை அரிதாகவே காண முடிகிறது. 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் இவ்வூர்ச் சத்துவாச்சாரியைச் சேர்ந்தவர் என்றாலும், எடை தூக்குவது இளைஞர்களுக்கு உரியது, வயதானால் நடை போதும் என்ற எண்ணம் இங்கும் மாறவில்லை. வயது ஏற ஏற வலுப்பயிற்சியின் தேவை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

வேக நடை, மிதிவண்டி, மெதுவோட்டம் ஆகியவை ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவைக் கூட்டி, தசையில் நுண்ணிய ரத்தக்குழாய்களையும், செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களையும் பெருக்குகின்றன. கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்குச் சுமார் 10 விழுக்காடு குறைகிறது. பயிற்சியை விடாதவர்களிடம் இந்தச் சரிவு மெதுவாகிறது. ஆனால் தசை மெலிவதை நடை மட்டும் தடுக்காது. முதலில் மெலிபவை வேகமாகச் சுருங்கும் இழைகள். தடுக்கி விழப்போகும் நொடியில் காலைச் சட்டென முன்வைத்து உடலைத் தாங்க உதவுபவை இவையே, நிதானமான நடையிலோ இவற்றுக்கு வேலை வருவதே இல்லை. சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை உள்வாங்குவதும் தசைதான் என்பதால், சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த இழப்பு இரட்டை நட்டம். காலம் கடந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரியாகத் தொண்ணூறு வயதான முதியோர் எட்டு வாரக் கால் பயிற்சிக்குப் பின் இரு மடங்குக்கும் மேல் வலுப்பெற்றார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பையும், குறைந்தது இரண்டு நாள் வலுப்பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. பேச முடிந்து, பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான வேகம். ஊர்க்கதை பேசிக்கொண்டு உலாவுவது இதில் சேராது. வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் இந்த வேகத்தில் நடப்பது தொடக்கத்துக்குப் போதுமானது.

வலுப்பயிற்சிக்கு, இடையில் ஓய்வு கிடைக்கும்படி செவ்வாய், வெள்ளி போன்ற இரண்டு நாட்களை ஒதுக்கலாம். ஜிம் கட்டாயமில்லை. நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவதில் தொடங்கி, அது எளிதானதும் பஸ்கிக்கு மாறுங்கள்; தண்டால் எடுக்க முடியாதவர்கள் சுவரில் கை ஊன்றித் தள்ளலாம்; ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனில் தண்ணீர் நிரப்பினால் ஏறத்தாழ ஐந்து கிலோ எடை கிடைத்துவிடும், முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்சாய்ந்து அதை விலாவரை இழுக்கலாம்; கடைசியாகக் குதிகால் உயர்த்துதல். ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரண்டு சுற்று செய்யுங்கள். கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும், அதே சமயம் உடலின் நிலை குலையக் கூடாது. பன்னிரண்டு முறை எளிதாகிவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும். பலர் கைவிடும் இடம் இதுதான், ஒரே எடையை ஆண்டுக்கணக்கில் தூக்குவதால் புதிய வலு சேராது. எழும்போதும் இழுக்கும்போதும் மூச்சை வெளியே விடுங்கள். அடக்கினால் ரத்த அழுத்தம் திடீரென ஏறும்.

காவலர் தேர்வின் 1500 மீட்டர் ஓட்டத்துக்கும் கயிறு ஏறுதலுக்கும் ஒருசேரத் தயாராகும் இளைஞர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. கடுமையான ஓட்டம் மிகுந்தால் வலு வளர்வது தடைபடலாம். வலுவே முதல் தேவையெனில் அதை முதலில் முடித்து, ஓட்டத்தைச் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ வைத்துக்கொள்வது நல்லது. ஓட்டக்காரர்கள் வலுப்பயிற்சிக்கு அஞ்சத் தேவையில்லை, அதைச் செய்தால் அதே வேகத்தில் ஓட அவர்களுக்குக் குறைந்த ஆக்சிஜனே போதுமானதாகிறது.

கத்திரி வெயிலில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம் என்பதால் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். தசை வளர்வதற்குப் புரதமும் வேண்டும். வறுத்த வேர்க்கடலை, கொள்ளு, முட்டை ஆகியவை போதும், விலை உயர்ந்த பொடி டப்பாக்கள் பெரும்பாலானோருக்குத் தேவையற்றவை. இதய நோய் உள்ளவர்களும் கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் பயிற்சியின்போது சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும் என்பதால் கையில் இனிப்பு வைத்திருக்க வேண்டும்.