தப்பு விலைல போட்ட ஆர்டரை கேன்சல் பண்ணிட்டாங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

பண்டிகை சேல் வந்தா போதும், டெலிகிராம் டீல்ஸ் குரூப்ல "லூட் லூட்"னு ஒரே கத்தல், 40 ஆயிரம் ரூவா டிவி 4 ஆயிரத்துக்கு ஓடிட்டு இருக்கும், ஆளாளுக்கு கார்டை எடுத்து ஆர்டர் போட்டுடுவாங்க, மறுநாள் காலைல பாத்தா "விலைல பிழை, ஆர்டர் கேன்சல், பணம் ரீஃபண்ட் ஆகும்"னு ஒரு மெயில் வந்து கெடக்கும். உடனே ஒரு கோஷ்டி "பணம் கட்டியாச்சுல்ல, குடுத்தே ஆகணும்"பாங்க, இன்னொரு கோஷ்டி "கம்பெனி இஷ்டம், ஒண்ணும் பண்ண முடியாது"பாங்க. ரெண்டும் பாதி பாதி தான் சரி. கேஸ் தேறுமா தேறாதாங்கறது விலையை மட்டும் வெச்சு முடிவாகறதில்ல, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நீங்க என்ன பண்ணீங்கங்கறதும் சேத்து தான்.

முதல்ல இந்த "பணம் கட்டியாச்சு" மேட்டர். பல சைட்டோட கண்டிஷன்ஸ்ல என்ன எழுதி இருக்கும்னா நீங்க போடற ஆர்டர் வெறும் ஒரு கோரிக்கை தான், பொருளை அனுப்பினா தான் நாங்க ஒத்துக்கிட்டதா அர்த்தம்னு. யாரும் படிக்கறதில்ல, ஆனா கேஸ்னு வந்தா மொதல்ல அதை தான் தூக்கி காட்டுவாங்க. அதுக்காக அவங்க எழுதினதே கடைசி வார்த்தையும் இல்ல. 1872 காண்ட்ராக்ட் சட்டம் 22வது பிரிவு, ஒரு தரப்பு மட்டும் தப்பா புரிஞ்சுகிட்டு ஒப்பந்தம் போட்டுட்டா அந்த ஒரே காரணத்துக்காக அதை ரத்து பண்ண முடியாதுன்னு சொல்லுது. ஆனா ஒப்பந்தம்னு ஒண்ணு உருவாகி இருந்தா தானே இந்த பேச்சே? சண்டை அங்க தான்.

வாங்கினவர் பக்கம் தீர்ப்பான ஒரு கேஸ் இருக்கு. 2014 டிசம்பர்ல ஒடிஷால ஒரு சட்டம் படிக்கற பையன் அமேசான்ல 190 ரூவான்னு போட்டிருந்த லேப்டாப்பை ஆர்டர் போட்டாரு, உண்மை விலை 23 ஆயிரத்துக்கு மேல. கன்ஃபர்மேஷன் வந்துச்சு, கொஞ்ச நேரத்துல கேன்சலும் வந்துச்சு. நாங்க வெறும் மார்க்கெட்ப்ளேஸ், வித்தது வேற ஆளுன்னு அமேசான் வாதாடிச்சு, எடுபடல. 2021ல ஒடிஷா மாநில நுகர்வோர் கமிஷன் நஷ்டஈடு, தண்டத்தொகை, வழக்கு செலவுன்னு மொத்தம் 45,000 ரூவா குடுக்க சொல்லிச்சு. கெடைச்சது நஷ்டஈடு, அந்த 190 ரூவா லேப்டாப் இல்ல, இதை நல்லா கவனிங்க. எல்லா கமிஷனும் இப்படியே தீர்ப்பு சொல்லும்னு கேரண்டியும் கெடையாது.

இப்ப இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. 2003 ஜனவரில சிங்கப்பூர்ல டிஜிலேண்ட்மால்ங்கற சைட்ல 3,854 டாலர் பிரிண்டர் தவறுதலா 66 டாலர்னு ஏறிடுச்சு. 6 பேர் சேர்ந்து 1,606 பிரிண்டர் ஆர்டர் போட்டாங்க. ஆமா, ஆயிரத்து அறுநூத்தி ஆறு. ஆட்டோமேட்டிக் கன்ஃபர்மேஷன் மெயிலும் வந்துச்சு, ஆனாலும் கோர்ட்ல தோத்தாங்க, 2005ல அப்பீலும் போச்சு. காரணம், இது தப்பு விலைன்னு தெரிஞ்சே தான் வாங்கினாங்கன்னு கோர்ட் முடிவு பண்ணிச்சு, அதுக்கு அவங்க ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கிட்ட சாட் மெசேஜே சாட்சியா போச்சு. நம்ம ஊர் கமிஷனை இந்த தீர்ப்பு கட்டுப்படுத்தாது தான், ஆனா எதிர்த்தரப்பு வக்கீல் இதே வாதத்தை தான் எடுப்பாரு.

அதனால தான் சொல்றேன், "மச்சி ப்ரைஸ் எரர், அவனுங்க கண்டுபிடிக்கறதுக்குள்ள போட்று"னு குரூப்ல டைப் பண்ணிட்டு அப்புறம் "நான் நல்லெண்ணத்துல வாங்கினேன்"னு கமிஷன்ல சொல்ல முடியாது. அதே மாதிரி ஒரே ஆள் 8 டிவி போடறது. மறுபடி விக்கறதுக்காக வாங்கறவங்க 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நுகர்வோரே கெடையாது, கதை அங்கயே முடிஞ்சிரும். ஒரே ஒரு பொருளை சொந்த உபயோகத்துக்கு, சேல்ல நம்பற மாதிரி ஒரு விலைக்கு வாங்கினவங்களுக்கு தான் கை ஓங்கி இருக்கும்.

எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயம் அடுத்தது. கஸ்டமர் கேர்ல இருந்து போன் பண்ணி ரொம்ப பவ்யமா "சார், ஸ்டாக் இல்ல, ஆப்ல நீங்களே கேன்சல் குடுத்துடுங்க, ரீஃபண்ட் சீக்கிரம் வந்துரும்"பாங்க. குடுத்துடாதீங்க! நீங்க கேன்சல் பட்டனை அமுக்கின அடுத்த நிமிஷம் ரெக்கார்ட்ல "வாங்கினவரே ரத்து செய்தார்"னு ஏறிடும், அப்புறம் யார் மேல கம்ப்ளெய்ண்ட் குடுப்பீங்க? "கேன்சல் பண்றதுன்னா நீங்களே பண்ணுங்க, காரணத்தை மெயில்ல எழுதி குடுங்க"ன்னு அவங்ககிட்ட சொல்லுங்க. 500 ரூவா கூப்பன் தர்றோம்னு வந்தாலும் அதே தான், "இத்தோட பிரச்சனை முடிந்தது"ங்கற வரி எங்கயாவது ஒளிஞ்சிருக்கான்னு பாத்துட்டு ஒத்துக்கோங்க.

ஸ்க்ரீன்ஷாட் எடுக்காம விடறது இன்னொண்ணு. கேன்சல் ஆனதும் அந்த பேஜ்ல விலை மாறிடும், சில சமயம் பேஜே இருக்காது. ஆர்டர் போட்ட உடனே விலை, தேதி, ஆர்டர் நம்பர், முக்கியமா விக்கறவர் பேரு எல்லாம் தெரியற மாதிரி எடுத்து வெச்சுக்கோங்க. புகார் குடுக்கும்போது சைட், விக்கறவர் ரெண்டு பேரையும் சேருங்க, ஒருத்தரை விட்டா இன்னொருத்தர் "அவங்களை கேளுங்க"ன்னு கைய காட்டுவாங்க.

நெட்ல சுத்தற ஒரு தப்பான தகவல், 2020 இ-காமர்ஸ் விதிப்படி கம்பெனி கேன்சல் பண்ணா உங்களுக்கு ஃபைன் கட்டணும்னு. விதி அப்படி சொல்லல. நீங்க கேன்சல் பண்ணா கட்டணம் வாங்கற கம்பெனி, தானா கேன்சல் பண்ணும்போது அதே மாதிரி கட்டணத்தை தானும் ஏத்துக்கணும், அவ்வளவு தான். உங்ககிட்ட ஒண்ணும் வாங்காத சைட் கிட்ட இதை சொல்லி மிரட்டினா வேலைக்கு ஆகாது. அதை விட, கூட்டத்தை இழுக்கறதுக்குன்னே குடுக்கற எண்ணம் இல்லாம கம்மி விலையை விளம்பரம் பண்ணி இருந்தா 2019 சட்டத்துல அது முறையற்ற வணிகம். அந்த எண்ணத்தை நிரூபிக்கணும், அதே பொருளை அடுத்த நாளும் அதே கம்மி விலைக்கு போட்டிருந்தாங்கன்னா அதையும் புடிச்சு வைங்க.

நேரா கோர்ட்டுக்கும் ஓட வேணாம், சும்மா ட்விட்டர்ல திட்டிட்டும் உக்காராதீங்க. மொதல்ல சைட்டோட குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்க, 48 மணி நேரத்துல புகார் வந்துச்சுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். அசையலன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போடுங்க, அதுவும் ஆகலன்னா மாவட்ட நுகர்வோர் கமிஷன், ஆன்லைன்லயே குடுக்கலாம். கம்பெனி பெங்களூர்ல இருந்தாலும் நீங்க திருநெல்வேலில இருந்தா திருநெல்வேலிலயே போடலாம், பொருளுக்கு கட்டின பணம் 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கெடையாது, 2 வருஷத்துக்குள்ள போடணும். 4 ஆயிரம் ரூவா ஆர்டருக்கு 10 லட்சம் மன உளைச்சல்னு மட்டும் கேட்டு வெக்காதீங்க, உங்க மொத்த புகாரும் காமெடியா தெரியும்.

ரீஃபண்ட் லேட் ஆகுதுன்னு கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடறவங்க தான் மோசடிக்காரங்களுக்கு லட்டு மாதிரி. நம்பரை ஆப் உள்ள இருந்து மட்டும் எடுங்க. பணம் உங்களுக்கு வர்றதுக்கு யுபிஐ பின் போடவே வேணாம், போட சொல்றான்னா கட் பண்ணிடுங்க, ஏற்கனவே பணம் போயிடுச்சுன்னா தள்ளிப்போடாம உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடுங்க.