அந்த எழுத்துரு எது?

பிரிக்பீல்ட்ஸ் கடையில் பார்த்த கல்யாணப் பத்திரிகை, தைப்பூசப் பேனர், ஏதோ ஓர் இணையப் பக்கம். எழுத்து அழகாக இருக்கிறது, பெயர்தான் தெரியவில்லையா?

இணையப் பக்கம் என்றால் சுலபம். கணினியில் குரோமைத் திறந்து, அந்த எழுத்தின் மேல் வலது கிளிக் செய்து ‘இன்ஸ்பெக்ட்’ போங்கள். ‘கம்ப்யூட்டட்’ பகுதியின் அடியில் ‘ரெண்டர்ட் ஃபான்ட்ஸ்’ என்று இருக்கும். அதை மட்டும் நம்புங்கள். ‘ஃபான்ட் ஃபேமிலி’ வரிசை வடிவமைத்தவரின் ஆசைப் பட்டியல்தான். அதில் முதல் பெயர் பெரும்பாலும் ஆங்கில எழுத்துருவாக இருக்கும். அப்போது தமிழுக்கு உங்கள் கணினியே, விண்டோஸ் என்றால் அதிலுள்ள நிர்மலா, லதா போன்ற தமிழ் எழுத்துரு ஒன்றை, எடுத்துப் போட்டிருக்கும்.

படம் என்றால் நேராக நின்று எடுத்து, ஒரே வரியை வெட்டி, மைஃபான்ட்ஸ் இணையதளத்தின் ‘வாட்தஃபான்ட்’ என்ற தேடல் கருவியில் ஏற்றுங்கள். எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தால் நல்லது. ஆனால் இது ஆங்கில எழுத்துகளுக்குத்தான் கைகொடுக்கும்.

தமிழுக்குக் கண்தான் கருவி. கூகுள் ஃபான்ட்ஸில் மொழியைத் தமிழ் என்று வைத்து, பேனரில் உள்ள அதே சொல்லைத் தட்டிப் பாருங்கள். ‘ட’வையும் ‘ப’வையும் விட்டுவிடுங்கள், எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ‘ழ’வின் வால், ‘ண’வின் சுழி, ‘ஐ’யின் வளைவு, இவற்றை ஒப்பிடுங்கள். ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்கள் அப்புறம் அதிலுள்ள இணைமதி எழுத்துருவையும் ஒரு பார்வை பார்க்கலாம். நம் மலேசியர் முத்து நெடுமாறன் வடிவமைத்தது.