கிளைடரில் முதல் 50 கிலோமீட்டர்: எப்படித் தயாராவது?

கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். அதில் தனியாகப் பறக்கக் கற்ற விமானிக்கு அடுத்த இலக்கு வெள்ளி பேட்ஜ் என்ற சர்வதேசத் தகுதிச் சின்னம். அதற்கு 50 கிலோமீட்டர் தொலைவு, 1000 மீட்டர் உயர ஏற்றம், 5 மணி நேரப் பறத்தல் மூன்றும் வேண்டும். பலருக்கு உதறல் எடுப்பது தொலைவில்தான், ஏனென்றால் கிளம்பிய தளம் கண்ணில் படாத இடத்துக்குப் போயாக வேண்டும். இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயரின் லாஷம் தளத்தை வைத்துப் பார்ப்போம்.

1. நாள் பாருங்கள். குளிர்முகப்பு (குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு) கடந்துபோன மறுநாள், காற்று மெதுவாக இருந்தால் நல்லது. வெயில் கொளுத்தினாலே நல்ல நாள் என்றில்லை. மேலே வெப்பக்காற்று மூடிபோல் உட்கார்ந்துவிட்டால் தெர்மல், அதாவது கிளைடரைத் தூக்கும் மேலெழும் சூடான காற்று, உயரம் போகாது. தரை வெப்பநிலையிலிருந்து பனிநிலையை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) செல்சியஸில் கழித்து 400-ஆல் பெருக்கினால் மேகத்தின் அடிமட்டம் தோராயமாக அடிக்கணக்கில் கிடைக்கும். 22 டிகிரி, 10 டிகிரி என்றால் 4800 அடி. போதும், கிளம்பலாம்.

2. பாதை போடுங்கள். லாஷமுக்குக் கிழக்கே ஃபார்ன்பரோ, ஹீத்ரோ, கேட்விக் விமான நிலையங்களின் கட்டுப்பாட்டு வான்வெளிகள், தென்மேற்கே சவுத்தாம்ப்டன். மேற்கே சாலிஸ்பரி நேர்கோட்டில் 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஆனால் அதற்கு வடக்கே ராணுவத்தின் ஆபத்துப் பகுதி. மேற்குக் காற்று பலமாக இருந்தால் சாலிஸ்பரியை மறந்துவிடுங்கள். கோட்டை வரைந்து பயிற்றுநரிடம் காட்டாமல் கிளம்ப வேண்டாம்.

3. மூட்டை கட்டுங்கள். பாராசூட், தொப்பி, தண்ணீர், சார்ஜ் ஏற்றிய ஃபோன், பறந்த பாதையையும் உயரத்தையும் பதியும் லாகர். தண்ணீர் குடித்தால் அதன் விளைவுக்கும் ஒரு பை வேண்டும். வெட்கப்பட்டுத் தாகத்தோடு பறப்பதுதான் ஆபத்து. வயலில் இறங்க நேர்ந்தால் கிளைடரை ஏற்றிவர டிரெய்லரைக் காரில் இழுத்துவர ஒருவரைக் காலையிலேயே பிடித்து வையுங்கள்.

4. உங்களை மேலே இழுத்துச் செல்லும் கயிற்றை எங்கே விடுவது? விட்ட உயரத்துக்கும் இறங்கும் இடத்துக்கும் இடையே 50 கிலோமீட்டருக்கு 500 மீட்டர் உயர இழப்புதான் அனுமதி. 3000 அடியில் விட்டு, தளத்தின் மட்டத்திலேயே உள்ள வயலில் இறங்கினால் 900 மீட்டருக்கு மேல் இழப்பு. பயணம் கணக்கில் வராது.

5. ஏறுங்கள். அடிப்பகுதி தட்டையாக, கருமையாக, விளிம்பு திடமாக உள்ள மேகத்தின் கீழே போங்கள். பஞ்சு பிய்ந்து கிடந்தால் அது சாகிற மேகம். தெர்மலில் ஏற்கெனவே ஒருவர் சுற்றினால் அவர் சுற்றும் திசையிலேயே நீங்களும் சுற்ற வேண்டும். எந்த ஏற்றத்துக்கு எவ்வளவு வேகம் என்று மெக்ரெடி கணக்கு ஒன்று உண்டு. 1956-இல் உலக சாம்பியனான பால் மெக்ரெடி வகுத்தது. மனிதர் மிதித்தே ஆங்கிலக் கால்வாயைக் கடந்த விமானமும் பிற்பாடு அவர் வடிவமைத்ததுதான். முதல் பயணத்தில் அந்தக் கணக்கு வேண்டாம், உயரமாக இருந்தால் போதும்.

6. இறங்குவதை முன்பே முடிவு செய்யுங்கள். 40-க்கு 1 சறுக்கு விகிதம் (ஒரு மீட்டர் இறங்க 40 மீட்டர் முன்னேறுவது) என்றால் 1000 மீட்டரில் 40 கிலோமீட்டர், ஆனால் அது அசையாத காற்றில். பாதியை நம்புங்கள். தரையிலிருந்து 2000 அடிக்கு வந்ததும் இறங்கத் தக்க வயல்கள் உள்ள பக்கம் திரும்புங்கள். 1500-இல் ஒரு வயலைத் தேர்ந்தெடுங்கள். 1000-இல் தெர்மல் தேடலை விட்டுவிட்டு இறங்கும் சுற்றைத் தொடங்குங்கள். “இன்னும் ஒரு சுற்று பார்ப்போமே” என்று இழுப்பதில்தான் கிளைடர்கள் உடைகின்றன.

வயலில் அளவு, சரிவு, பயிர், மாடு, மின்கம்பி பாருங்கள். மேலிருந்தே சரிவு தெரிகிறதென்றால் அந்த வயல் வேண்டாம். வேறு வழியே இல்லாவிட்டால் மேடு நோக்கி இறங்குங்கள். அறுவடை முடிந்து அடித்தாள் மட்டும் நிற்கும் ஆகஸ்ட் வயலைவிட நல்லது கிடையாது. மின்கம்பி மேலிருந்து தெரியாது, கம்பங்களைத் தேடுங்கள்.

7. இறங்கிய பிறகு முதல் ஃபோன் சங்கத்துக்கு. அப்புறம் விவசாயியைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள்; கேட்காமல் டிரெய்லரை வயலுக்குள் விடாதீர்கள். லாகர் கோப்பை அழிக்காமல் பேட்ஜுக்கான பறத்தலைச் சரிபார்க்கும் அதிகாரபூர்வ பார்வையாளரிடம் அன்றே கொடுத்துவிடுங்கள்.