ஜாடியின் வாயைப் பாருங்கள்: டெல்லியில் புளிக்க வைக்கக் கண்ணாடி ஜாடி தேடுபவர்களுக்கு

குளிர் இறங்கியதும் டெல்லி காய்கறி வண்டிகளில் கறுப்பு கேரட் வந்துவிடும். உடனே காஞ்சி போட ஆசை வரும். நம்ம ஊர்க் கஞ்சி இல்லை, கேரட்டோடு கடுகுப்பொடி, உப்பு, மிளகாய்த்தூள் சேர்த்துத் தண்ணீர் ஊற்றி வெயிலில் நாலைந்து நாள் புளிக்க வைத்துக் குடிக்கிற வடக்கத்திக் காஞ்சி. ஆனால் எதில் போடுவது? ஊரிலிருந்து கொண்டு வந்த பீங்கான் ஜாடியில் ஏற்கெனவே நார்த்தங்காய் ஊறிக்கொண்டிருக்கும், எவர்சில்வர் தூக்கில் உப்பையும் புளிப்பையும் நாள்கணக்கில் வைக்க மனம் வராது, பக்கத்துக் கடையில் இருக்கிற கண்ணாடி பாட்டில்களெல்லாம் அரைக்கிலோ பருப்புக்குத்தான் சரியாக இருக்கும். மயூர் விஹாரில் எங்கள் வீட்டில் இந்தத் தேடல் பல வருஷம் நடந்திருக்கிறது, அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் எத்தனை லிட்டர் என்று முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள். அரைக்கிலோ கறுப்பு கேரட், ஒரு பீட்ரூட், இரண்டு லிட்டர் தண்ணீர், இதற்கு மூன்று லிட்டர் ஜாடி சரியாக இருக்கும், மேலே நுரை எழும்ப இடமும் மிஞ்சும். ஒரு கிலோ முட்டைக்கோஸை உப்புப் போட்டுக் கசக்கி அழுத்தினால் ஏறக்குறைய ஒரு லிட்டருக்குள் அடங்கிவிடும், அதற்கு ஒன்றரை லிட்டர் போதும். மாவடு முழுசாக இருப்பதால் கிலோவுக்கு இரண்டு லிட்டர் கேட்கும், அப்புறம் சுருங்கி இறங்கிவிடும். பெரிசாக இருக்கட்டுமே என்று பத்து லிட்டர் ஜாடியை வாங்கிவிடாதீர்கள். ஐந்து லிட்டர் ஜாடியே நிறைந்தால் கண்ணாடியோடு ஆறேழு கிலோ வரும், அதை ஈரக்கையோடு பால்கனிக்கும் சமையலறைக்கும் தூக்கிப் பாருங்கள், தெரியும். ஐந்து லிட்டரில் ஒன்றைவிட மூன்று லிட்டரில் இரண்டு எவ்வளவோ மேல், ஒன்று கெட்டுப்போனாலும் மற்றது பிழைக்கும்.

அளவுக்கு அடுத்து வாய். கடையில் எல்லோரும் ஜாடியின் வயிற்றைத்தான் பார்க்கிறார்கள், நான் வாயைத்தான் பார்ப்பேன். வளையல் போட்ட கை உள்ளே போய், அடியைத் தொட்டு, கைப்பிடி காயோடு வெளியே வர வேண்டும். குறைந்தது 10 சென்டிமீட்டர் அகலம். இது கழுவுவதற்கு மட்டும் அல்ல. காய் தண்ணீருக்கு மேலே மிதந்தால் அந்த இடத்தில்தான் பூசணம் பிடிக்கும், அதை அமுக்கி வைக்க உள்ளே ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் இறக்க வேண்டும், குறுகிய கழுத்தில் அது நுழையாது. தோள் இல்லாமல் நேராக இறங்குகிற உருளை வடிவம் இருந்தால் இன்னும் நல்லது, சதுர ஜாடி வேண்டாம், மூலைகளில் கை சரியாகப் போகாது, உள்ளே வாயு அழுத்தம் ஏறினாலும் உருண்டைதான் தாங்கும்.

மூடி விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக இருங்கள், இங்கேதான் நிறையப் பேர் தப்பாக வாங்குகிறார்கள். ஆன்லைனில் அழகழகாக மூங்கில் மூடி போட்ட ஜாடிகள் வருகின்றனவே, அவை மசாலாவுக்கு. புளிக்கிற ஜாடியின் ஈரத்தில் மூங்கில் ஊறிப் பூசணம் பிடித்துவிடும். தகர மூடி உப்பிலும் புளிப்பிலும் துருப்பிடித்து உள்ளே சொட்டும். சாதாரண பிளாஸ்டிக் திருகு மூடி போதும், அரைச்சுற்று தளர்த்தி வைத்தால் கரியமில வாயு தானாக வெளியே போய்க்கொண்டிருக்கும். கம்பி கிளிப்பும் ரப்பர் வளையமும் உள்ள ஜாடி முட்டைக்கோஸுக்கு அருமையானது, ஆனால் முதல் வாரம் தினமும் ஒரு தடவை திறந்து மூடுங்கள், வாங்கும்போதே அந்த வளையம் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், டெல்லி வெயிலில் ரப்பர் விறைத்துப்போகும். கொம்புச்சா என்கிற புளித்த டீக்கோ காடிக்கோ மூடியே வேண்டாம், காற்று வேண்டும், நெருக்கமாக நெய்த துணியும் ரப்பர் பேண்டும் போதும். அடியில் குழாய் வைத்த ஜூஸ் ஜாடி ஆசையாக இருக்கும், மலிவான குழாயின் பளபளப்பு முலாம் புளிப்பில் உரிந்துவிடும், வாஷர் வழியாகக் கசியும், அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சரி, எங்கே போவது? சதர் பஜார்தான் என் முதல் பதில். அங்கே டெபுட்டி கஞ்ச் பக்கம் பாத்திரக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகளுக்கு விடுமுறை, வாரநாளில் காலையிலேயே போய்விடுங்கள். "சௌடே மூ வாலா காஞ்ச் கா ஜார்", அதாவது அகல வாய்க் கண்ணாடி ஜாடி என்று கேளுங்கள், வெறும் "மர்த்தபான்" என்றால் பீங்கானைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். உத்தரப் பிரதேசத்தில் கண்ணாடிக்குப் பெயர் போன ஃபிரோசாபாத்தும் பீங்கானுக்குப் பெயர் போன குர்ஜாவும் டெல்லியிலிருந்து எட்டுகிற தூரம்தான் என்பதால் இரண்டு சரக்கும் இங்கே தாராளம். இரண்டாவது, உங்கள் பேட்டையில் நடக்கிற வாரச் சந்தை, புத் பஜார், சனி பஜார் எதுவாக இருந்தாலும் சரி, தள்ளுவண்டியில் கண்ணாடிச் சாமான் விற்பவர் இருப்பார். மூன்றாவது, பழைய சாமான் வாங்கி விற்கிற கபாடிவாலா. டீக்கடையில் பிஸ்கட் போட்டு வைக்கிற சாய்ந்த வாய் ஜாடி அவர்களிடம் சில சமயம் வரும், மூடி இறுக்கமாக இருக்காது, துணி கட்டிக் காஞ்சி போட அதுவே நல்ல ஜாடி.

பழைய சாமானில் ஒரு எச்சரிக்கை. பட்டை தீட்டிய கனமான கிரிஸ்டல் குடுவை எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்காதீர்கள். அதில் ஈயம் கலந்திருக்கலாம், புளிப்பு அதைக் கரைத்துக் கொண்டுவரும்.

கடையிலேயே சோதித்துவிடுங்கள். ஆள்காட்டி விரலின் நகத்தை விளிம்பில் வைத்து ஒரு முழுச்சுற்று மெதுவாக ஓட்டுங்கள், மயிரிழைச் சிதறல்கூட நகத்தில் இடறும், கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கி அடிப்பாகத்தைப் பாருங்கள். கண்ணாடிக்குள் ஓரிரு காற்றுக்குமிழி இருந்தால் பரவாயில்லை, அடிமூலையில் கோடு மாதிரி ஏதாவது ஓடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆன்லைனில் வாங்கினால் படத்தை நம்பாமல் கணக்குப் போடுங்கள்: சென்டிமீட்டரில் உள் அகலத்தின் பாதியை அதே பாதியால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, உயரத்தால் பெருக்கினால் மில்லிலிட்டர் வரும். 16 சென்டிமீட்டர் அகலம், 25 உயரம் என்றால் ஐந்து லிட்டர், அதுவும் விளிம்பு வரை நிரப்பினால். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள், ஒரு கிலோ ஒரு லிட்டர், பிறகு மூடி போட்டுக் கவிழ்த்து செய்தித்தாள் மேல் பத்து நிமிஷம் வைத்தால் கசிவு தெரிந்துவிடும்.

இனி, கழுவுவது. ஒரு ஜனவரிக் காலை, சமையலறை எட்டு டிகிரியில் விறைத்துக் கிடந்தபோது, புது ஜாடியைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதித்த தண்ணீரை நேராக ஊற்றினேன். 'டக்' என்று ஒரே சத்தம். தூக்கினால் ஜாடி மட்டும் கையில் வந்தது, அடிப்பாகம் வட்டத் தட்டு மாதிரி சிங்க்கிலேயே தங்கிவிட்டது. வெட்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது. சாதாரணக் கண்ணாடி திடீர்ச் சூட்டைத் தாங்காது, போரோசிலிகேட் தாங்கும், ஆனால் பெரிய அளவில் அது விலை அதிகம். தேவையும் இல்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக அலசி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தால் புளிக்க வைக்க அது போதும். இங்கத்திய உப்புத் தண்ணீர் வெள்ளைப் படலம் விட்டால் கொஞ்சம் வினிகரில் துணியை நனைத்துத் துடைத்துவிடுங்கள்.

காஞ்சி போட்ட ஜாடியைத் தரையில் நேராக வைக்காதீர்கள், ஓரம் உயர்ந்த தட்டில் வையுங்கள். பொங்கி வழிந்தால் கறுப்பு கேரட்டின் ஊதாக் கறை வெள்ளை டைல்ஸ் இடுக்கிலிருந்து லேசில் போகாது. பால்கனியில் குரங்கு வருகிற வீடு என்றால் வெயில் படுகிற ஜன்னலுக்கு உள்பக்கமே வைத்துவிடுங்கள்.