இரைச்சலை அடக்கப் போய்க் குரலைத் தொலைக்காதீர்கள்

மார்கழி வெள்ளத்தில் வலையிறவுப் பாலத்தடியில் நின்று, வவுணதீவுப் பக்கம் போன வள்ளத்தை வோக்கி டோக்கியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பதிலே இல்லை. வள்ளம் திரும்பி வந்ததும் அதில் போன தம்பியின் செற்றை வாங்கிப் பார்த்தால், ஸ்குவெல்ச் 9இல் நிற்கிறது. "இரைச்சல் தாங்கேலாது அண்ணன், அதான் கூட்டி வெச்சநான்" என்றார்.

இப்படியான எஃப்எம் வோக்கி டோக்கி செற்றில் சிக்னல் இல்லாதபோது அந்த 'ஸ்ஸ்ஸ்' வருவது இயல்பு, பழுதல்ல. ஸ்குவெல்ச் என்பது ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கும் கதவு. சிக்னல் குறித்த அளவைத் தாண்டினால் திறக்கும். இல்லையென்றால் மூடியே கிடக்கும். எண்ணை ஏற்ற ஏற்றத் தூரத்துக் குரல்கள் வாசலோடு நின்றுவிடும். பல செற்களில் 0 முதல் 9 வரை உண்டு. 0 என்றால் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். 1இல் தொடங்கி, இரைச்சல் அடங்குகிற இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு படிகூட வேண்டாம். யாரும் கூப்பிடவில்லை என்று முடிவெடுக்க முன், கதவை அந்த நேரத்துக்கு மட்டும் திறந்துவிடும் மொனிட்டர் பொத்தானை அழுத்திக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். மெலிந்த குரல் அங்கே இருக்கலாம்.

பேச்சோடு கலந்து வரும் கரகரப்பை ஸ்குவெல்ச் துடைக்காது. சிக்னல் மெலிந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. வள்ளத்தில் குந்தியிருந்து, செற்றை இடுப்பில் செருகியபடி பேசினால் நம் உடம்பே சிக்னலை மறைக்கும். கையில் எடுங்கள், அன்டெனாவை நிமிர்த்துங்கள், முடிந்தால் எழுந்து நில்லுங்கள். பக்கத்தில் மலிவான சார்ஜரோ எல்ஈடி பல்போ எரிந்தால், அதுவும் இரைச்சலைக் கிளப்பலாம்; ஸ்குவெல்ச்சைத் தொட முன் அதை நிறுத்திப் பாருங்கள்.

சிடிசிஎஸ்எஸ் டோன் என்பது பேச்சோடு சேர்த்து அனுப்பும் தாழ்ந்த அடையாள ஒலி; அதைப் போட்ட செற்றில், அதே ஒலி வந்தால்தான் கதவு திறக்கும். அதை 'ரகசியக் கோட்' என்று நம்புவது இன்னொரு பிழை. மற்றவர் பேச்சு நம் காதில் விழாமல் அது தடுக்கும், அவ்வளவுதான். நம் பேச்சை அதே அலைவரிசையில் இருக்கும் யாரும் கேட்கலாம். நம் செற்றில் டோனைப் போட்டு அவர் செற்றில் போடாவிட்டால், அவர் கத்தினாலும் நமக்குக் கேட்காது.

அப்புறம் பேச்சுப் பொத்தான். அழுத்தியதும் ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள். கதவு திறக்க முன் சொன்ன சொல் போய்ச் சேராது. முடிக்கும்போதும் அவசரம் வேண்டாம். நம் மொழியில் மறுப்பு கடைசியில்தான் வருகிறது. "வள்ளத்தை அனுப்ப வேண்டாம்" என்று சொல்லும்போது விரல் முந்திவிட்டால், அக்கரையில் கேட்பது "வள்ளத்தை அனுப்ப" மட்டும்தான்.